மொய்க் கவர் பத்து: கப்பல் பயணத்தில் டிப்ஸ் கொடுக்கும் முறை

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் மொய்க் கவர் கிடைக்கும். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியது, ஒட்டாதது என்று இரண்டு வகை. கப்பல் சுற்றுலாவுக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் ஒட்டாததில் பத்து வாங்கிப் பாஸ்போர்ட் இருக்கும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் கவருக்கு எங்கே போவது என்று கடைசி இரவில் தேடியவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஹோட்டல் டிஷ்யூ பேப்பரில் பணத்தைச் சுற்றி நீட்டியவர்களும் உண்டு. கொடுக்கிறவருக்கும் கூச்சம், வாங்குகிறவருக்கும் கூச்சம்.

கப்பல் சுற்றுலா என்றால் முன்பெல்லாம் நம் பக்கத்தில் யாரோ பணக்காரர் போவது என்று நினைப்பு. இப்போது அப்படி இல்லை. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். மறு ஆண்டு ஜூனில் அதே கப்பல் இங்கிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகம். பூந்தமல்லிப் பக்கத்துக் குமணன்சாவடியிலிருந்து நெடுஞ்சாலையைப் பிடித்தால் சென்ட்ரல், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் துறைமுகம். விமானம் ஏறாமலே கடல் பயணம் போகலாம் என்று ஆனபிறகு எங்கள் தெருவிலேயே மூன்று குடும்பம் போய்விட்டு வந்தது. இன்னொரு கூட்டம் சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏறுகிறது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் அப்பா அம்மாக்களை அந்தப் பிள்ளைகள் அலாஸ்காவுக்கோ பஹாமாசுக்கோ கூட்டிப்போகிறார்கள். இந்த மூன்று வகைப் பயணத்துக்கும் டிப்ஸ் கணக்கு வேறு வேறு. ஆனால் மூன்றிலும் அந்தப் பணத்தைச் சீட்டு எடுக்கும்போதே எண்ணி ஒதுக்கிவிட வேண்டும். அதைப் பயணச் செலவின் ஒரு பங்காகவே எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியப்பா கேட்ட கேள்வி

என் பெரியப்பா ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பெரியம்மாவுக்கும் கப்பல் சீட்டு போட்டபோது ஏஜென்ட் அனுப்பிய பில்லை மூக்குக்கண்ணாடி போட்டு வரி வரியாகப் படித்தார். கேபின் கட்டணம், துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் தாண்டி 'கிராஜுவிட்டி' என்ற வரியில் விரலை வைத்து நிறுத்திவிட்டார்.

"கிராஜுவிட்டி நான் ரிட்டயர் ஆனப்போ எனக்குக் குடுத்தாங்க. இப்ப நான் எதுக்குக் குடுக்கணும்?"

கேள்வியில் தப்பே இல்லை. நம் ஊரில் வேலைக்குப் போன எல்லோருக்கும் கிராஜுவிட்டி என்றால் பணிக்கொடைதான். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். கப்பல் பில்லில் இருக்கும் அதே சொல்லுக்கு வேறு பொருள். அது டிப்ஸ். நீங்கள் கையில் கொடுக்கும் டிப்ஸை நாள் கணக்கில் ஆள் கணக்கில் பெருக்கி, கப்பல் கம்பெனியே உங்கள் பில்லில் ஏற்றிவிடுகிறது. சில கம்பெனிகள் இதைச் சர்வீஸ் சார்ஜ் என்கின்றன, சில க்ரூ அப்ரிசியேஷன் என்கின்றன. பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்.

பெரியப்பா அடுத்ததாகக் கேட்டது இன்னும் முக்கியமானது. "சம்பளம் குடுக்க வேண்டியது கம்பெனி. நம்ம கிட்ட ஏன் வாங்குறான்?"

கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். பந்தியில் நம் கண்ணுக்குத் தெரிகிறவர் சாம்பார் வாளி தூக்கி வருகிறவர். கேட்டுக் கேட்டுப் போடுகிறார், நாமும் எழுந்து போகும்போது அவர் கையில் ஏதாவது வைக்கிறோம். பின்கட்டில் அண்டா துலக்கும் அம்மாவையும் இலை எடுக்கும் பெரியவரையும் யாரும் பார்ப்பதில்லை. கப்பலில் இந்தப் பின்கட்டு மிகப் பெரியது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் தளங்களில் சலவை, பாத்திரம், காய் வெட்டுவது என்று நூற்றுக்கணக்கான பேர். உங்கள் படுக்கை விரிப்பைத் துவைத்தவரை நீங்கள் ஒருநாளும் சந்திக்க மாட்டீர்கள். பில்லில் ஏறும் கிராஜுவிட்டி ஒரு பொதுப் பெட்டிக்குப் போய், அறையைக் கவனிக்கும் கேபின் ஸ்டூவர்ட், சாப்பாட்டு மேஜை வெயிட்டர், துணை வெயிட்டர் ஆகியோருடன் பல கம்பெனிகளில் இந்தப் பின்கட்டு ஆட்களுக்கும் பங்காகிறது. யார் யாருக்குப் போகிறது என்பதைப் பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் கேள்வி பதில் பகுதியில் எழுதியிருக்கும். சீட்டு எடுக்கும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கம்பெனி ஏன் முழுச் சம்பளமாகவே கொடுப்பதில்லை? பெரிய சுற்றுலாக் கப்பல்கள் பலவும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. கப்பலில் எந்த நாட்டுக் கொடி பறக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் அங்கே வேலை பார்க்கிறவருக்கு. நீங்கள் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறினாலும் அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி அவருக்கு இல்லை. உலகம் முழுதுக்குமான பொது ஏற்பாடாக 2006-இல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை எழுதப்பட்டு 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் அதை ஏற்றது. அதில் ஓய்வுக்கு ஓர் அளவு உண்டு: ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம். வாரத்துக்கு 168 மணி நேரம். 77-ஐக் கழித்துப் பாருங்கள், 91 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. ஆறு மாதம், எட்டு மாதம் ஒரே ஓட்டம். இவ்வளவுக்கும் சேர்த்து வருகிற வருமானத்தில் டிப்ஸ் பெரிய பங்கு. வீட்டுக்கு இவ்வளவு அனுப்ப முடியும் என்று அவர் போடுகிற கணக்கிலும் அந்தப் பணம் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

இந்த ஏற்பாடு சரியானது என்று நான் சொல்லவில்லை. சீட்டு விலையிலேயே அடக்கி, சம்பளமாகக் கொடுப்பதுதான் நேர்மை. பிரிட்டனின் பி அண்ட் ஓ க்ரூசஸ் 2019-இல் தனியாக டிப்ஸ் வசூலிப்பதை நிறுத்திவிட்டுக் கட்டணத்திலேயே சேர்த்தது. மற்றவர்களும் அந்த வழிக்கு வரட்டும். வரும்வரை, நம்முடைய மேஜையைத் துடைத்தவரின் வயிற்றில் அந்தக் கொள்கைச் சண்டையை நடத்தக் கூடாது.

அந்த ஊழியர்களில் நம்மவர்களும் உண்டு. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் கொரோனாவால் முடங்கிக் கிடந்தது பலருக்கும் நினைவிருக்கும். உள்ளே 3,711 பேர். அதில் 138 இந்தியர்கள், அந்த 138-இல் 132 பேர் ஊழியர்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். பயணிகளை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். ஊழியர்களோ அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டிச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு ஆகும்

எண்களுக்கு வருவோம். ராயல் கரீபியன் 2024 கடைசியில் வைத்த கணக்கில், சாதாரண அறைக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர், சூட் அறை என்றால் 21 டாலர். சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுப் பயணம், நான்கு பேர் குடும்பம் என்று வையுங்கள். ஒரு இரவுக்கு 74 டாலர், நான்கு இரவுக்கு 296 டாலர். டாலர் 90 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் 26,640 ரூபாய். குழந்தைக்கும் அதே தொகைதான். "சின்னப் பையனுக்குமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஆமாம், சின்னப் பையனுக்கும் சேர்த்துத்தான். வயது வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் கைக்குழந்தை இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தொகையும் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது. நீங்கள் போகும்போது எவ்வளவு என்று கம்பெனியின் பக்கத்தில் பார்த்துக்கொண்டு, இங்கே போட்ட பெருக்கலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே கட்டிவிடுவது நல்லது. சீட்டோடு கட்டினால் இடையில் விலை ஏறினாலும் பெரும்பாலும் பழைய தொகையே நிற்கும். கப்பலில் கட்டினால் தினமும் உங்கள் அறைக் கணக்கில் ஏறி, கடைசியில் கார்டில் டாலராகப் போகும். நம் கிரெடிட் கார்டுகள் பல அதன்மேல் மூன்று சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டுக் கட்டணம் போட்டுவிடும்.

ஒரு தடவை எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். "எல்லாம் உள்ளடக்கம்" என்று சொல்லித்தான் ஓர் ஏஜென்ட் எங்களுக்குச் சீட்டு விற்றார். கப்பலில் இரண்டாம் நாள் அறை டிவியில் கணக்கைத் திறந்து பார்த்தால் நான்கு பேருக்கும் கிராஜுவிட்டி ஏறியிருக்கிறது. நடுக்கடலில் அவருக்குப் போன் போட முடியவில்லை. ஊருக்கு வந்து கேட்டபோது, "சாப்பாடு, தங்கல் எல்லாம் உள்ளடக்கம்னு சொன்னேன், டிப்ஸ் எப்பவுமே தனிதானே சார்" என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. அதனால் பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: "கிராஜுவிட்டி சேர்ந்ததா, தனியா? தனி என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?" கார்டிலியா போன்ற இந்தியக் கம்பெனியின் கப்பலுக்கும் இதே கேள்விதான். குழுவாக அழைத்துப்போகும் டூர் கம்பெனி என்றால் இன்னொன்றும் கேளுங்கள். அவர்கள் 'டிப்ஸ்' என்று மொத்தமாக வசூலிக்கும் பணம் கப்பலுக்கா, பஸ் டிரைவருக்கும் கைடுக்குமா, இரண்டுக்குமா? இரண்டு தரம் கட்டியவர்கள் நிறைய.

எடுத்துவிடச் சொல்லலாமா

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு யோசனை சுற்றுகிறது. கப்பலில் கெஸ்ட் சர்வீசஸ் கவுண்டருக்குப் போய் "கிராஜுவிட்டி வேண்டாம்" என்று சொன்னால் பில்லிலிருந்து எடுத்துவிடுவார்களாம், மூன்று நாளில் இருபதாயிரம் மிச்சமாம்.

பல வெளிநாட்டுக் கப்பல்களில் அப்படி எடுக்கச் சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறது என்பது உண்மை. செய்யாதீர்கள். ஊர் விட்டு ஊர் போய் உழைக்கிறவரிடம் மிச்சம் பிடித்த இருபதாயிரத்தில் என்ன வாங்குவோம்? "நான் பொதுப் பெட்டிக்குக் கொடுக்க மாட்டேன், எனக்கு வேலை செய்தவருக்கு நேராகக் கையில் கொடுக்கிறேன்" என்று சிலர் நியாயம் சொல்வார்கள். அந்த நேர்க் கையில் அண்டா துலக்கும் அம்மாவுக்கு எதுவும் போகாது. சில கம்பெனிகளில், பில்லிலிருந்து எடுத்துவிட்ட பயணி கையில் கொடுத்த பணத்தை ஊழியர் பொதுப் பெட்டியில் சேர்த்துவிட வேண்டும் என்ற விதியும் உண்டு.

சேவை மோசமாக இருந்தால்? இரண்டாம் நாளே சொல்லுங்கள். எங்கள் அறையில் ஒருமுறை குளியலறைத் தண்ணீர் வடியாமல் கணுக்கால் வரை நின்றது. முதல் நாள் சொல்லத் தயங்கினோம். மறுநாள் காலை சொன்னோம், ஒரு மணி நேரத்தில் ஆள் வந்து சரிசெய்துவிட்டார். கடைசி நாள் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு டிப்ஸில் கைவைத்தால், குழாய் அடைப்புக்குத் தண்டனை வெயிட்டருக்குப் போகும்.

"சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லைன்னு கோர்ட்டே சொல்லியிருக்கே?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். சொல்லியிருப்பது உண்மைதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று, ஹோட்டல்களும் உணவகங்களும் பில்லில் தானாகச் சர்வீஸ் சார்ஜ் போடக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. போரூரிலோ அண்ணா நகரிலோ சாப்பிட்ட பில்லில் அப்படி இருந்தால் தைரியமாக எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். ஆனால் அந்த வழிகாட்டுதல் பேசுவது ஹோட்டலையும் உணவகத்தையும் பற்றி. பஹாமாஸ் கொடி பறக்கும் கப்பலில் அதை நீட்டிப் பயன் இல்லை. இந்தியக் கப்பலுக்குச் சீட்டு எடுக்கும்போது கிராஜுவிட்டி வரியைப் பார்த்து ஒப்புக்கொண்டுதான் பணம் கட்டுகிறோம். ஒப்பவில்லை என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடம் ஏஜென்ட்டின் மேஜை.

வெற்றுக் கோடு

பார், ஐஸ்கிரீம் கடை, காபிக் கடை, ஸ்பா, தனிக் கட்டண உணவகம் இவற்றில் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டுக் கப்பல்கள் பலவற்றில் இங்கெல்லாம் விலையோடு 18 சதவீதம் போலக் கிராஜுவிட்டி அப்போதே சேர்ந்துவிடும். ஒரு மாம்பழ ஜூஸ் 6 டாலர் என்று மெனுவில் இருந்தால் பில்லில் 7.08 வரும். கையெழுத்துப் போட ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். அதில் கீழே 'கூடுதல் டிப்ஸ்' என்று ஒரு வெற்றுக் கோடு. அதைப் பார்த்தவுடன், எழுதாவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நம் ஆட்கள் ஒரு டாலர், இரண்டு டாலர் என்று எழுதிவிடுகிறார்கள். ஏழு நாளைக்கு இப்படி எழுதினால் தனியாக ஒரு தொகை ஆகிவிடும். அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவருக்குரியது மேலே 18 சதவீதத்தில் போய்விட்டது.

கேப்டன், சீருடையில் தோளில் பட்டை வைத்திருக்கும் அதிகாரிகள், டாக்டர், நர்ஸ், பாட்டுக்காரர்கள் இவர்களுக்கு டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் இல்லை. நன்றி சொன்னால் போதும்.

கையில் கொடுப்பது யாருக்கு

பொதுப் பெட்டிக்குக் கொடுத்தாகிவிட்டது. அதற்குமேல் கொடுக்கக் கடமை இல்லை. ஆனாலும் பத்து மொய்க் கவர் வாங்கச் சொன்னேன். ஏன் என்று சொல்கிறேன்.

அம்மாவைச் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கூட்டிப்போனபோது அவருக்கு வயது எழுபத்து நான்கு. சைவம். முதல் இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டில் ரொட்டியும் பழமும் மட்டும் எடுத்தார். கேட்டால் "பசியில்ல" என்பார். மேஜையில் தண்ணீர் ஊற்றிய துணை வெயிட்டர் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். நாங்கள் பேசிய தமிழைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான் போல. மூன்றாம் நாள் இரவு தட்டுகளை வைத்துவிட்டு அம்மா பக்கம் குனிந்தான். "ஆச்சி, தயிர் சாதம் தந்தா சாப்பிடுவீங்களா?"

எங்கள் பக்கத்தில் யாரும் அம்மாவை ஆச்சி என்று கூப்பிட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தார். பத்து நிமிஷத்தில் வெள்ளைச் சூப்புக் கிண்ணத்தில் வந்தது. கீழே சமையல்கட்டில் இருக்கும் நம் நாட்டு மாஸ்டரிடம் சொல்லி வாங்கி வந்திருக்கிறான். கடுகு தாளித்து, இஞ்சி பொடியாக நறுக்கிப் போட்டு, சாசர் ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய் ஒரு துண்டு. சாதம் கொஞ்சம் விறைப்பு, கப்பல் அரிசி அப்படித்தான். அம்மா கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர் யாரையும் பார்க்கவில்லை. ஏழு மாத ஒப்பந்தத்தில் ஐந்து மாதம் முடிந்துவிட்டது என்று அவன் சொன்னதுகூட அம்மா கேட்டுத் தெரிந்ததுதான்.

கடைசி இரவு நான் இருபது டாலர் கவரில் போட்டேன். அம்மா விடவில்லை. "ஒத்தப்படையா இருக்கணும்டா" என்று இன்னொரு ஒற்றை டாலரையும் போடவைத்தார். இடுப்பு ஏப்ரனில் இரண்டு கையையும் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

பொதுப் பெட்டி எல்லோருக்கும் பங்காகிப் போகும். ஆனால் தன் வேலைக்கு மேல் ஒருவர் உங்களுக்காக ஒரு படி இறங்கிப் போனாரே, அது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. கவர் அவருக்கு. சக்கர நாற்காலி தள்ளியவர், வாந்தி எடுத்த குழந்தையின் படுக்கையை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாற்றிக் கொடுத்தவர், வெங்காயம் பூண்டு இல்லாமல் தினமும் தனியாகச் செய்யச் சொல்லி ஏற்பாடு பண்ணிய தலைமை வெயிட்டர் இப்படி.

அளவு கேட்பீர்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது: வெளிநாட்டுக் கப்பலில் மூன்று, நான்கு இரவுக்கு கேபின் ஸ்டூவர்ட்டுக்கு அறைக்குப் பத்திலிருந்து இருபது டாலர், மேஜை வெயிட்டருக்குப் பத்து, துணை வெயிட்டருக்கும் அதே பத்து. இந்தியக் கப்பலில் ஸ்டூவர்ட்டுக்கு 500 ரூபாய், மேஜையில் கவனித்தவருக்கு 300. வசதி இருக்கிறவர்கள் கூட்டலாம். முடியாதவர்கள் குற்ற உணர்வு இல்லாமல் விட்டுவிடலாம், பில்லில் உள்ளது ஒழுங்காகப் போயிருக்கிறது.

இதற்குச் சில்லறை வேண்டும். நம் ஊரில் டாலர் மாற்றப் போனால் நூறு டாலர் நோட்டாகவே எண்ணி வைப்பார்கள். ஒன்று, ஐந்து, பத்து வேண்டும் என்று முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவையுங்கள், ஏற்பாடு செய்துதருவார்கள். விமான நிலையக் கவுண்டரில் விலை கூடுதல், அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த, பேனாவால் எழுதிய டாலர் நோட்டைப் பல நாடுகளில் வாங்கவே மாட்டார்கள், டாலர் வாங்கும் இடத்திலேயே பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துப்போக ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. டிப்ஸுக்கு நூற்றைம்பது டாலர் சில்லறை ஒரு குடும்பத்துக்குத் தாராளம். இந்திய ரூபாய் ஆளுக்கு 25,000 வரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஊழியர் கையில் ரூபாயை வைத்தால் அவர் அதை எங்கே மாற்றுவார்? நாணயமோ எந்த நாட்டுக்காரருக்கும் வேண்டாம்.

கரை இறங்கினால்

கப்பலுக்குள் உள்ள பழக்கம் துறைமுகத்துக்கு வெளியே செல்லாது. சிங்கப்பூரில் டாக்சிக்கும் ஹாக்கர் கடைக்கும் டிப்ஸ் எதிர்பார்ப்பு இல்லை. ஜப்பானில் கொடுத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள், வற்புறுத்தினால் சங்கடப்படுவார்கள். அமெரிக்காவில் தலைகீழ். துறைமுகத்தில் பெட்டி வாங்கி வைக்கும் போர்ட்டருக்குப் பெட்டிக்கு ஒன்று, இரண்டு டாலர், உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் 15 முதல் 20 சதவீதம். இலங்கையில் பல உணவக பில்களில் 10 சதவீதச் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே இருக்கும், பில்லைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நாள் முழுக்க வேன் ஓட்டித் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போன டிரைவருக்கு மட்டும் தனியாக ஒரு கவர் வையுங்கள், இலங்கை ரூபாயில். பெட்டி தூக்கிக் கொடுக்கும் சென்னைத் துறைமுகத்து ஆட்களுக்குப் போகும்போதும் வரும்போதும் கொடுக்க நூறு ரூபாய் நோட்டு நாலைந்து சட்டைப்பையில் இருக்கட்டும். திரும்பி வரும் நாளில் எல்லோர் கையிலும் டாலர்தான் மிஞ்சியிருக்கும்.

கடைசி இரவு

கவரைக் கடைசி நாள் காலை கொடுக்கலாம் என்று தள்ளாதீர்கள். அன்று காலை ஏழு மணிக்கே ஸ்டூவர்ட் பத்துப் பதினைந்து அறையைக் காலிசெய்து, மதியம் ஏறப்போகிற அடுத்த கூட்டத்துக்குத் தயார் செய்துகொண்டிருப்பார். வெயிட்டரை அதற்குப் பிறகு பார்க்கவே முடியாது. முந்தின இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேஜையிலேயே, அறைக்குத் திரும்பும்போது தாழ்வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பெரிய பெட்டிகளை அன்று இரவே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், கவர்களை அதற்குள் போட்டுப் பூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படுக்கைமேல் பணத்தை வைத்துவிட்டுப் போவது கூடாது. மறந்து விட்டுப்போன பணமா, டிப்ஸா என்று அவருக்குத் தெரியாது. எடுத்தால் திருட்டுப் பழி வருமோ என்ற பயம் அந்த வேலையில் எப்போதும் உண்டு. கவர்மேல் அவர் பெயரை எழுதி, கையில் கொடுங்கள். வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் இருந்தால் அவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். கூடவே இருக்கும் குழந்தையிடமும் ஒரு கவரைக் கொடுத்து நீட்டச் சொல்லுங்கள்.

அன்று இரவே டிவியிலோ கவுண்டரிலோ முழுக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முன்பே கட்டிய கிராஜுவிட்டி மறுபடி ஏறியிருந்தால் அப்போதே போய்ச் சொல்லலாம். காலையில் அந்தக் கவுண்டரில் வரிசை நீண்டுவிடும்.

ஊருக்கு வந்த சில நாளில் கம்பெனியிடமிருந்து ஒரு கருத்துக் கேட்பு மின்னஞ்சல் வரும். நம்மில் பலர் திறக்காமலே அழித்துவிடுகிறோம். அதில் ஊழியர் பெயரைக் குறிப்பிட ஓர் இடம் இருக்கும். அங்கே பெயர் வந்தால் அது அவருடைய மேலாளர் பார்வைக்குப் போகிறது, பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் துணை நிற்கிறது. "தமிழ்ப் பையன், ரொம்ப நல்லவன்" என்று எழுதினால் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டையில் உள்ள எழுத்துக்கூட்டல், எந்த உணவகம், மேஜை எண், தேதி வேண்டும். கவரில் பெயர் எழுதும்போதே அதை உங்கள் போனிலும் குறித்துக்கொள்ளுங்கள்.